நாற்பத்தோராவது நிமிஷம்

குழந்தைக்கு வீடியோ கேம் வாங்க வருகிற அப்பன்மாரைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிடும். வாய் "பையனுக்கு ஏழு வயசு சார்" என்று சொல்லும். கண் மேல்தட்டில் இருக்கிற துப்பாக்கிப் படத்தை விட்டு நகராது. "இது பெரியவங்களுக்கானது சார், பதினெட்டு வயசுக்கு மேல" என்று சொன்னால், "அவனுக்கு வயசுக்கு மீறின அறிவு சார்" என்பார்கள். பிள்ளைக்கு அறிவு இருக்கட்டும், அப்பனுக்கு எங்கே போயிற்று என்று கேட்க நாக்கு துறுதுறுக்கும். கேட்டதில்லை. பதினோரு வருஷமாகக் கேட்டதில்லை.

மாமாக்கள் இன்னொரு ரகம். அக்கா பிள்ளைக்குப் பரிசு வாங்க வந்த ஒருவர், "இருக்கறதுலயே சத்தம் ஜாஸ்தியா வர்றது எது?" என்று கேட்டார். அக்கா மேல் என்ன கோபமோ. அம்மாக்கள் வந்தால் "படிப்புக்கு உபயோகமா ஏதாச்சும்" என்பார்கள். கூட்டல் கழித்தல் போடுகிற கரடி ஒன்று எங்களிடம் உண்டு. பிள்ளைகள் அதை ஒரே ஒரு நாள் ஆடும். அம்மாக்களுக்கு அந்த ஒரு நாள் போதும்.

ஆனால் என்னிடம் விட்டுவிட்டால் நான் சரியாக எடுத்துக் கொடுப்பேன். மூன்று கேள்விதான் கேட்பேன். குழந்தை தனியா ஆடுமா, யாரோடயாவது ஆடுமா? தோத்தா அழுமா, அடிக்குமா? வீட்டுல டிவி யார் கையில? இந்த மூன்றுக்கும் ஒளிக்காமல் பதில் சொன்னவர்களுக்கு நான் எடுத்துக் கொடுத்தது வீண்போனதில்லை. இந்த வேலையில் நான் உருப்படியாகச் செய்த காரியம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். மற்றதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

கடையில் எனக்கு இரண்டு வேலை. காலையில் விற்பனை, மத்தியானத்துக்கு மேல் கோடியில் இருக்கிற ரிப்பேர் கவுன்டர். காலையில் பல்லெல்லாம் தெரிய விற்றதை மத்தியானம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கையில் வாங்குவேன். அதற்கு ஒரு முறை இருக்கிறது. கேம் மெஷினைக் கவுன்டர் டிவியில் மாட்டி, ஏதாவது ஒரு கேமைப் போட்டு, பத்து நிமிஷம் ஓடவிட வேண்டும். பத்து நிமிஷத்துக்குள் பழுது தெரிந்தால் வேறு மெஷின். தெரியாவிட்டால் படிவத்தில் "பழுது இல்லை" என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, மெஷினையும் படிவத்தையும் கொண்டு வந்தவர் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட வேண்டும்.

வாங்கிய ஏழு நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அந்த மெஷின்களுக்கும் இதே பத்து நிமிஷம்தான். தேறினால் துடைத்து, பெட்டிக்குள் வைத்து, புது டேப் ஒட்டி, மறுபடியும் அலமாரியில் ஏற்றுவோம். பரிசோதித்தவர் பெயர் மட்டும் மெஷினின் நம்பருக்கு நேராகக் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கும். வாங்குகிறவர் அதைப் பார்க்கப் போவதில்லை.

எங்கள் மேனேஜருக்குச் "சதவீதம்" என்று பெயர். நாங்கள் வைத்ததுதான். காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போதே "நேத்து எத்தனை பர்சென்ட்?" என்றுதான் ஆரம்பிப்பார். மாதத்துக்கு நான்கு மெஷின் மாற்றிக் கொடுக்கலாம், அதற்குமேல் ஒன்று கூடினால் தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வரும். அந்த ஐந்தாவது மெஷினின் நம்பரை எடுத்து, அது எப்போது வந்தது, யார் பரிசோதித்தது, தேறியது என்று ஏன் விட்டது என்று ஆதியோடந்தமாக நோண்டும். அப்படி நோண்டப்பட்ட ஒருவன், எனக்கு முன்னால் இந்தக் கவுன்டரில் இருந்தவன், இப்போது எங்கே இருக்கிறான் என்று எங்களுக்குத் தெரியாது.

அந்த வருஷம் வந்த மாடலுக்கு ஒரு வியாதி இருந்தது. எல்லாவற்றுக்கும் இல்லை, பத்தில் இரண்டுக்கு. உள்ளே சூடேறி, ஏறக்குறைய நாற்பது நிமிஷம் ஆனதும் படக்கென்று அணைந்துவிடும். ஆறவிட்டுப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். தலைமை அலுவலகம் மட்டும் "அப்படி ஒரு பழுது பதிவாகவில்லை" என்று எழுதும். எப்படிப் பதிவாகும்? நாற்பதாவது நிமிஷத்தில் வருகிற வியாதியைப் பத்து நிமிஷம் பார்த்து அனுப்புகிற டாக்டர்தானே நான். கடைப் பையன்கள் என்னைப் "பத்து நிமிஷ டாக்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொல்லி நானே சிரித்திருக்கிறேன். என் மகளும் சிரித்திருக்கிறாள்.

என் மகளுக்குப் பத்து வயசு. ஒரே பெண். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச ஒரு யுகம் ஆகும். பள்ளிக்கூடம் மாற்றிய பிறகு ஒன்றரை வருஷம் அவளுக்குச் சிநேகிதம் என்று ஒரு ஈ காக்கை கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் தனியாக நின்று சாப்பிடுகிறாள் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்ன அன்றைக்கு, மருந்துக்கடை வேலைக்குப் போகாமல் என் மனைவி உட்கார்ந்து அழுதாள். நான் "எல்லாம் சரியாயிடும், விடு" என்றேன். அதைத் தவிர எனக்கு என்ன சொல்லத் தெரியும்?

அப்புறம் சுருட்டை வந்தாள். முடி அப்படி, அதனால் அந்தப் பெயர். புதிதாகச் சேர்ந்த முதல் நாளே குழாய்க்குப் பக்கத்தில் போய், "நீ சாப்பிடலைன்னா குடு, நான் சாப்பிடறேன்" என்று என் மகளின் டப்பாவைப் பிடுங்கியவள். அன்றிலிருந்து இரண்டும் ஒட்டிக்கொண்டன. எங்கள் வீட்டில் முதல் முறையாகச் சத்தம் கேட்டது. "கொஞ்சம் மெதுவாப் பேசுங்கடி" என்று என் மனைவி அதட்டும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

சுருட்டையின் அம்மா நர்ஸ். அப்பா லாரி ஓட்டுகிறவர். வண்டியில் இல்லாத நாட்களில் வீட்டில் எல்லோரும் விரல் நுனியில் நடப்பார்கள் என்று சுருட்டையே சொல்லியிருக்கிறாள். அந்தக் கோடை விடுமுறையில் நர்ஸுக்கு வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்தது. மூன்று வாரத்தில் கிளம்ப வேண்டும். என் மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் இரண்டு பேருமாக ஒரு திட்டத்தோடு என்னிடம் வந்தார்கள். என் மகளிடம் பழைய மாடல் கேம் மெஷின் ஒன்று இருந்தது. சுருட்டைக்கும் அம்மா ஒன்று வாங்கித் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டுவிட்டாள். எந்த ஊரில் இருந்தாலும் சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டு பேரும் சேர்ந்து ஆடலாம். என்ன கேம் என்று மட்டும் நான் சொல்ல வேண்டும்.

நான் சொன்னேன். யோசித்துத்தான் சொன்னேன். ஒரு தீவு, அதில் ஒரு தோட்டம். ஒருத்தர் தோண்ட வேண்டும், இன்னொருத்தர் தண்ணீர் விட வேண்டும். தனியாக ஆடினால் ஒரு செடியும் முளைக்காது. அந்த விளையாட்டில் ஒரு பகல் என்பது நம் கணக்கில் நாற்பத்தைந்து நிமிஷம். பகல் முடிந்து சூரியன் இறங்கினால்தான் அன்றைக்குச் செய்தது பதிவாகும். நடுவில் ஒருத்தர் போய்விட்டால் அத்தனையும் போச்சு, மறுபடி வெறும் மண். அவசரக் குடுக்கைகளுக்கு ஆகாது, ஆனால் இந்த இரண்டுக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும் என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை நர்ஸ் கடைக்கு வந்தாள். இரவு ட்யூட்டி முடித்து நேராக வந்திருந்தாள், கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. இரண்டு பெண்களும் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணா, எனக்கு இதுல ஒரு எழவும் தெரியாது. நீங்களே ஒண்ணு எடுத்துக் குடுங்க. உங்க பாப்பாவுக்கு எடுக்கிற மாதிரி எடுங்க."

அலமாரியில் ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. புது சரக்கு வர இரண்டு வாரம் ஆகும். அந்த ஒரு பெட்டியை எனக்கு நன்றாகத் தெரியும். முந்தின வாரம் ஒரு கல்லூரிப் பையன், "சார், ஆடிட்டே இருக்கும்போது அணைஞ்சிடுது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது. பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்து, துடைத்து, டேப் ஒட்டியது நான்தான். இடது மூலையில் நகம் அளவுக்கு ஒரு கீறல் இருக்கும்.

"ரெண்டு வாரம் கழிச்சு வாங்கம்மா" என்று சொல்லியிருக்கலாம். நாலே வார்த்தை. சதவீதம் என் முதுகுக்குப் பின்னால் நின்று பில் மெஷினைத் தட்டிக்கொண்டிருந்தார். அலமாரியில் பெட்டி இருக்கும்போது வந்தவரைத் திருப்பி அனுப்பினால் அன்றைக்கு முழுவதும் என் காதைக் கடித்துத் துப்பிவிடுவார். நர்ஸுக்கும் லீவு அந்த ஒரு நாள்தான். ஒருவேளை அந்தக் கல்லூரிப் பையன் பொய் சொல்லியிருக்கலாம், வேறு எதிலோ மனசு போய் இதைத் தள்ளிவிட்டிருக்கலாம். இப்படி ஆயிரம் சமாதானம். என் மகளுக்காக இருந்தால் அந்தப் பெட்டியைத் தொட்டிருக்க மாட்டேன். இந்த ஒரு உண்மைக்கு முன்னால் அந்த ஆயிரமும் நிற்காது.

எடுத்துக் கொடுத்தேன். சுருட்டை அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டார்கள், இவள் எங்கள் வீட்டில், அவள் அவர்கள் வீட்டில். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு இவள் கத்துவதைக் கேட்கவே வேடிக்கையாக இருக்கும். "அங்க தோண்டாதடி, அது பாறை!" "தண்ணி ஊத்து, ஊத்து, ஐயோ அது என் கால்!" இவ்வளவு பேச்சு இவளுக்குள் எங்கே இருந்தது என்று நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆறு மணி ஆக இருபது நிமிஷம் இருக்கும்போது சத்தம் நின்றது.

"என்னாச்சு பாப்பா?"

"சுருட்டை போயிட்டா. கரன்ட் போயிருக்கும்."

மறுநாளும் கரன்ட் போயிற்று. அதற்கு மறுநாளும். நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

என் மகள் அப்பனைப் போல் இல்லை. ஒரு பழைய நோட்டை எடுத்து, சமையலறைக் கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஒரு வாரம் கழித்து, நான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவும்போது நோட்டோடு வந்து நின்றாள். தேதி, ஆரம்பித்த நேரம், அணைந்த நேரம், நடுவில் எத்தனை நிமிஷம். நாற்பத்தொன்று. நாற்பது. நாற்பத்து மூன்று. நாற்பத்தொன்று. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள்.

"அப்பா, நீங்க சொன்னீங்கல்ல, அந்த மாடல் சூடானா அணைஞ்சிடும்னு. இது அதுதாம்பா. இன்னும் நாலு நிமிஷம் இருந்தாப் போதும், ஒரு பகல் முடிஞ்சிடும். ஒரு பகல்கூட முடியலை. நாங்க இன்னும் முதல் நாள்லயே இருக்கோம்."

"ம்."

"அவங்க அப்பா வந்திருக்காருப்பா. சுருட்டைதான் போட்டு உடைச்சிட்டான்னு திட்டறாரு. அவ ஒண்ணும் பண்ணலை. நீங்க கடையில பார்த்தா தெரிஞ்சிடும்ல?"

"கொண்டு வரச் சொல்லு. அப்பா பார்த்துக்கறேன்."

இதைச் சொல்லும்போது நான் மனசாரத்தான் சொன்னேன். அவள் துள்ளிக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தார்கள். நர்ஸ், சுருட்டை, கூடவே என் மகள். அந்த மாதம் நான்கு மெஷின் ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது. நான்காவதை முந்தின நாள்தான் கொடுத்தேன், அதற்கே சதவீதம் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். இது ஐந்தாவது. இதை மாற்றினால் ஆள் வரும், நம்பரை எடுக்கும். நம்பருக்கு நேராக என் பெயர் இருக்கும். ஒரு தடவை அணைகிறது என்று புகார் வந்த மெஷினைத் தேறியது என்று போட்டு, தெரிந்தே விற்றவன் என்று ஒருத்தனைக் கண்டுபிடிப்பார்கள். சதவீதமும் கண்கொத்திப் பாம்பாக என் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார்.

நான் மெஷினை மாட்டி, கார் ஓட்டுகிற கேம் ஒன்றைப் போட்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். என் மகள் நோட்டைக் கவுன்டர்மேல் விரித்து என் பக்கமாகத் திருப்பி வைத்தாள். சுருட்டை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போதும் லொடலொட என்று பேசுகிறவள் அன்று மூச்சுவிடவில்லை.

கார் ஓடிக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிஷம். எட்டு நிமிஷம். பத்து.

"நல்லாத்தானே ஓடுது" என்றார் சதவீதம்.

"அப்பா, நாற்பத்தஞ்சு நிமிஷம் விடுங்க" என்றாள் என் மகள். சத்தமாகவே சொன்னாள். வெளி ஆட்கள் முன்னால் வாயே திறக்காத பெண். "நாங்க இங்கயே நிக்கறோம். எங்களுக்கு அவசரம் இல்லை."

சதவீதம் சிரித்தார். "பாப்பாதான் இங்க புது சூப்பர்வைசரா? சொல்லவே இல்லையே!" பிறகு சிரிப்பில்லாமல் என்னைப் பார்த்தார்.

இன்னும் முப்பத்தைந்து நிமிஷம்தான். கவுன்டரில் வேறு ஆள் யாரும் இல்லை. டிவி சும்மாதான் இருந்தது. விட்டிருந்தால் அது அணைந்திருக்கும். எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், சதவீதத்துக்கும் தெரியும். அங்கே தெரியாத ஒரே ஆள் அந்த நர்ஸ்தான். அவள் என்னை நம்பி வந்தவள்.

நான் கையை நீட்டி மெஷினை அணைத்தேன்.

"இங்க பார்த்தவரைக்கும் பழுது ஒண்ணும் இல்லைம்மா."

"அப்புறம் ஏன்ணா வீட்ல மட்டும் அணையுது?"

படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது. காரணம் என்று போட்டு வரிசையாக நாலைந்து. "உபயோகிப்பவரின் கவனக்குறைவு" என்பதில் டிக் அடித்தேன். அதைக் காலியாக விட முடியாது, கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது. நான் வாயை மூடிக்கொண்டு டிக் மட்டும் அடித்திருக்கலாம். ஆனால் பதினோரு வருஷப் பழக்கம், வாய் தானாக ஓடியது.

"சின்னப் பசங்க இல்லையா? ஒயரைப் புடிச்சு இழுத்திருப்பாங்க. மெஷினை ஆட்டியிருப்பாங்க. எல்லா வீட்லயும் நடக்கறதுதான்."

நர்ஸ் சுருட்டையைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா சொன்னப்போ நான் உனக்குத்தானே பரிஞ்சு பேசினேன்? இப்ப என்னடி சொல்றே?"

"நான் இழுக்கலைம்மா."

"அங்கிள் பொய்யா சொல்றாரு?"

சுருட்டை என்னைப் பார்த்தாள். பத்து வயசுப் பெண், பொய் என்று சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. என் மகளும் என்னைப் பார்த்தாள். அவள் அழவில்லை, கோபப்படவில்லை. நான் பிடித்திருந்த பச்சை ஸ்டிக்கரைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது. ஆனாலும் ஸ்டிக்கரை நேராக ஒட்டினேன். அந்த மாதிரி விஷயத்தில் என் கை தவறாது.

நோட்டைக் கவுன்டரிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். என் மேஜை டிராயரில் இன்னும் இருக்கிறது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவளைக் கூப்பிட்டு, "அடுத்த வாரம் புது மெஷின் வருது பாப்பா. அப்பாவே எடுத்துட்டுப் போய் மாத்திக் குடுத்துடறேன். கடையில எல்லார் முன்னாடியும் முடியாது, புரியுதா?" என்றேன்.

"சரிப்பா" என்றாள்.

புது மெஷின்கள் வந்தன. அவர்கள் ஊரைவிட்டுக் கிளம்ப நான்கு நாள் இருந்தது. நர்ஸ் வீடு எங்கள் தெருவிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம். போகவில்லை. புதுசை எடுத்தால் நம்பர் மாறும், சதவீதம் கேட்பார், என்னவென்று சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்று மென்று முழுங்கிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் சாமான் ஏற்றிய வண்டி போய்விட்டது. வழியனுப்பப் போயிருந்த என் மனைவிதான் வந்து சொன்னாள். ஒயரை இழுத்து உடைத்ததற்கு சுருட்டைக்குச் சரியான அடியாம். கடைக்காரரே எழுதிக் கொடுத்த காகிதம் இருக்கிறதே என்று அவள் அப்பா அதைக் காட்டிக் காட்டி அடித்தாராம். மெஷினை எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டாராம். இனி அந்த வீட்டில் விளையாட்டுப் பேச்சே கூடாதாம்.

"பாவங்க அந்தக் குழந்தை" என்றாள் என் மனைவி. நான் நடந்த எதையும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. "ஆமாம், பாவம்" என்றேன்.

அந்த மாதம் நான்கோடு முடிந்தது. சதவீதம் எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டினார்.

பள்ளிக்கூடம் திறந்தது. நான் தினமும் வேலையிலிருந்து வந்ததும் மகளிடம், "எப்படி இருந்துச்சு ஸ்கூல்?" என்று கேட்பேன். இதற்குமுன் தினமும் கேட்டவன் இல்லை. குற்றமுள்ள நெஞ்சு, கேட்கச் சொன்னது.

"நல்லா இருந்துச்சுப்பா."

"புது ஃப்ரெண்ட்ஸ் யாராச்சும்?"

"இருக்காங்கப்பா."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்பா."

முகத்தைப் பார்ப்பேன். சரியாகத்தான் இருக்கும். டப்பா தினமும் காலியாக, கழுவியே வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அவளுடைய மெஷின்மேல் தூசி படிந்திருந்தது. பெண் பிள்ளை வளர்கிறாள், விளையாட்டில் ஆசை விட்டுப்போயிருக்கும் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து டிக் அடித்துவிட்டேன்.

மூன்று மாதம் போயிருக்கும். ஒரு நாள் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். வாசல் கதவு திறந்திருந்தது. சமையலறையில் என் மனைவியின் குரல் உடைந்து கேட்டது. டீச்சர் அவளைக் கூப்பிட்டிருக்கிறாள். என் மகள் மறுபடியும் குழாய்க்குப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறாள், பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வகுப்பில் இரண்டு பிள்ளைகள் தினமும் இவள் டப்பாவைப் பிடுங்கி, அதில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். இவள் அதை அப்படியே மூடி வைத்து, வரும் வழியில் கொட்டிவிட்டு, கழுவிக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறாள். மூன்று மாதம் மத்தியானச் சாப்பாடு இல்லாமல் இருந்திருக்கிறாள்.

"டப்பா காலியா வருதே, நல்லா சாப்பிடறான்னு நெனச்சேனேடி நான்" என்று என் மனைவி அழுதாள். "என்கிட்டதான் சொல்லலை. அப்பா தினமும் வந்து வந்து கேட்டாரே. அவர்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

நான் ஒரு ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கூடத்தில் நின்றேன். சமையலறை வாசல் வழியாக என் மகளின் முதுகு தெரிந்தது. தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அது என் கண்ணில் படவே இல்லை.

"அவர் கேக்கறப்போ ஒண்ணும் தெரியாதும்மா. மத்தியானம்தான் நடக்கும்" என்றாள் என் மகள். குறை சொல்கிற குரலே இல்லை. தெரிந்த விஷயத்தை விளக்கிச் சொல்கிற குரல். "அப்படியே சொன்னாலும், நான்தான் ஏதாச்சும் பண்ணியிருப்பேன்னு எழுதிடுவாரு."

என் மனைவிக்குப் புரியவில்லை. தலையைத் தூக்கியவள் கூடத்தில் என்னைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க சொல்றா இவ? என்ன எழுதுவீங்க?"

நான் இன்னொரு ஷூவைக் கழற்றக் குனிந்தேன்.